நாற்காலி மட்டும் வீடு திரும்பியது

அம்மான்
புதன்கிழமை, மதியம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பத்ரிய்யா சித்திக்கு, உங்கள் அக்கா நஜீபாவின் மகள் மய்ஸூன் எழுதிக்கொள்வது. உங்கள் மீது சாந்தி நிலவட்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மொன்சிஃப் சித்தப்பாவின் எலுமிச்சை மரம் பால்கனியில் காய்க்கத் தொடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். நாங்கள் இங்கே நலம். இந்த முறை 'நாங்கள்' என்பதும் 'இங்கே' என்பதும் கொஞ்சம் சிக்கலான சொற்கள். நான் அம்மானில் இருக்கிறேன். என் சக்கர நாற்காலி பக்தாதில் இருக்கிறது. இரண்டு பேரும் தனித்தனியாக நலம்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் துனிஸுக்கு வரவில்லை. போனில் 'தாமதம்' என்று மட்டும்தான் சொன்னேன். அது பாதி உண்மை. திங்கள்கிழமை நீங்கள் செய்துவைத்த மீன் கூஸ்கூஸை இதற்குள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருப்பீர்கள். நாளை காலை விமானத்தில் வீடு திரும்புகிறேன். நடந்ததை போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். ஆகவே தாளில். விடுதியில் தாள் இலவசம்.

எல்லாம் தண்ணீரில் தொடங்கியது.

நம் வீட்டில் யார் பயணம் கிளம்பினாலும், அவர் பத்திரமாகத் திரும்பி வர வேண்டி, வாசலில் நின்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றுவார்கள். தம்பி முஹன்னத் தேர்வெழுத பஸ்ரா போனபோதுகூட ஊற்றினார்கள். தேர்வும் திரும்பி வந்தது, அடுத்த வருஷம் மறுபடி எழுதினான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நீங்களும் சித்தப்பாவும் இரண்டு பெட்டிகளோடு கிளம்பியபோது மட்டும் யாரும் ஊற்றவில்லை. அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது அம்மா சொல்லும் காரணம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜன்னலிலிருந்து பார்த்தேன். கார் போன பிறகு தெரு காய்ந்துகிடந்தது.

போன நோன்பில் நீங்கள் போனில் சொன்னது நினைவிருக்கிறதா? “என் ரூமை முஹன்னத் கல்யாணத்துக்கு எடுத்துக்கங்க அக்கா. நான் எங்க வரப்போறேன்? எனக்குத்தான் யாரும் தண்ணியே ஊத்தலையே.” விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். அம்மா போனை வைத்துவிட்டு நேராகப் போய், பதினெட்டு வருஷமாகப் பூட்டியிருக்கும் உங்கள் அறையின் பூட்டைத் துடைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை. பூட்டை மட்டும். கல்யாணத் தேதி குறித்ததும் எனக்கு டிக்கெட் வந்தது.

என் வேலை இதுதான்: பக்தாதில் நம் கர்ராதா வீட்டுக் குழாய்த் தண்ணீரை துனிஸுக்குக் கொண்டுபோய் உங்கள் பின்னால் ஊற்ற வேண்டும். பதினெட்டு வருஷம் கழித்து ஊற்றினால் பலன் இருக்குமா என்று கேட்டேன். “தண்ணிக்குத் தான் எந்த வீட்டுதுன்னு தெரியும்” என்றாள் அம்மா. முஹன்னத்தை அனுப்பலாமே என்று கேட்டேன். “அவன் ஊர் சுத்தப் போயிடுவான். நீதான் நேரா போய் நேரா வருவே.” நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை கிடையாது என்பது அம்மாவின் எண்ணம். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நீங்கள் அனுப்பிய பதினேழு அஞ்சலட்டைகள் இருக்கின்றன. அதை அவள் அலங்காரம் என்று நினைக்கிறாள்.

திங்கள்கிழமை காலை. முஹன்னத் காரைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தான், நான் என் மின்சாரச் சக்கர நாற்காலியில் வாசலைக் கடந்தேன், அம்மா பின்னால் வந்தாள், வழக்கமான கிண்ணம் இல்லை, ரொட்டி மாவு பிசையும் பெரிய பாத்திரம், விளிம்பு வரை தண்ணீர், ஒருமுறை ஊற்றாமல் விட்டதற்கும் சேர்த்து ஊற்றுகிறாள் போலிருக்கிறது, தரையில் ஊற்ற வேண்டியதை வீசினாள், அது என் தலைக்கு மேலே ஒரு கண்ணாடிப் போர்வை மாதிரி பறந்தது, வெயில் அதற்குள் புகுந்து வெளியே வந்தது, அழகாக இருக்கிறதே என்று நான் நினைத்து முடிப்பதற்குள் மொத்தமும் என் மடியிலும் நாற்காலியின் கைப்பிடியிலும் இறங்கியது.

“அம்மா, வழியனுப்புறீங்களா, குளிப்பாட்டுறீங்களா?” என்றான் முஹன்னத்.

தலைமுடி காயவைக்கும் கருவியைக் கொண்டுவந்து கைப்பிடிக்குக் காற்றடித்தார்கள். பிறகு முன்னால் போகும் விசையை அழுத்தினேன். நாற்காலி இடப்பக்கமாக அரைவட்டம் சுற்றி, வீட்டு வாசலுக்குத் திரும்பிப் போய் நின்றது. மறுபடி தெருவைப் பார்க்கத் திருப்பினார்கள். மறுபடி அழுத்தினேன். மறுபடி வாசல்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. “பாத்தியா, தண்ணி வேலை செய்யுது.”

ஐந்து நிமிஷம் கழித்துக் கண்டுபிடித்தோம்: பின்னால் போகும் விசைக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கமாக மட்டும் நாற்காலி நேராக, அமைதியாக, முன்னைவிடச் சீராகப் போகிறது. அம்மா தன் கைக்கண்ணாடியைக் கொடுத்தாள். இடது கையில் கண்ணாடி, வலது கையில் விசை. அப்படித்தான் நான் உலகப் பயணம் தொடங்கினேன், சித்தி.

ஊரெல்லாம் முதுகைக் காட்டித்தான் பிரிகிறது. நான் முகத்தைக் காட்டியபடி பிரிந்தேன். தெரு முழுக்க அம்மா என் எதிரிலேயே இருந்தாள். சின்னதாகிக்கொண்டே இருந்தாள். கையில் இன்னொரு பாத்திரம் தண்ணீர். “இப்ப உனக்கு எந்தப் பக்கம்டீ பின்பக்கம்?” என்று கத்தினாள். தெரியவில்லை என்றேன். அவள் அதைக் கீழே வைத்துவிட்டாள்.

விமான நிலையத்துக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி. பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு ஆட்கள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், நாய் வந்து மோந்து பார்க்கும். “நாற்காலியையும் வரிசையில வைங்க” என்றார் காவலர். “வைக்கலாம். இவ எங்க நிப்பா?” என்றான் முஹன்னத். காவலர் நெடுநேரம் யோசித்தார். “சரி, அவங்களும் வரிசையிலேயே இருக்கட்டும்.” ஒரு பேரீச்சம்பழப் பெட்டிக்கும் ஒரு சுருட்டிய கம்பளத்துக்கும் நடுவில் நான் சாமானாக இருந்தேன். நாய் பேரீச்சம்பழத்தை மோந்தது. என்னிடம் வந்து ஈர மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. யாரும் அதை அவசரப்படுத்தவில்லை. கம்பளத்தை அது பார்க்கவே இல்லை.

உள்ளே, பெட்டி வாங்கும் மேடையில் ஒரு பெண். அவள் என்னைப் பார்க்காமல் முஹன்னத்திடம் கேட்டாள்: “இவங்க நடப்பாங்களா?” “இவங்களையே கேளுங்க” என்றான். அவள் குரலை உயர்த்தி, காது கேளாதவரிடம் பேசுவது போல, “விமானப் படியில ஏறுவீங்களா?” என்றாள். மாட்டேன் என்றேன். “நாலு படி?” இல்லை. “சரி, ரெண்டு?” மீன் சந்தை மாதிரி இறங்கிக்கொண்டே வந்தாள். “ரெண்டே படிதான்” என்று கடைசியாகக் கெஞ்சினாள். சித்தி, உலகத்தில் எல்லா மொழிகளிலும் முதலில் தோன்றிய வாக்கியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மருத்துவமனையில், நூலகத்தில், என் பட்டமளிப்பு மேடையில், எல்லா இடத்திலும் ரெண்டே படிதான். நீங்களும் போனில் சொன்னீர்கள்: “வாசல்ல ரெண்டே படிதான் கண்ணு, அப்புறம் லிஃப்ட் இருக்கு.” நான் கோபித்துக்கொள்ளவில்லை. பதிவு செய்துகொள்கிறேன், அவ்வளவுதான்.

பிறகு பேட்டரி. ஈர வகையா, உலர் வகையா என்று அவள் கேட்க, பொய் சொல்லத் தெரியாத என் தம்பி, “காலைல எட்டு மணி வரைக்கும் உலர்ந்துதான் இருந்துச்சு, அப்புறம் அம்மா தண்ணி ஊத்திட்டாங்க” என்றான். அதற்கு ஒரு படிவம் இருந்தது. அந்தப் படிவத்துக்கு ஓர் அதிகாரி இருந்தார். அந்த அதிகாரிக்கு ஒரு தாய் இருந்தாள், அவளும் தண்ணீர் ஊற்றுகிறவள், ஆகவே அவர் கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில் சொன்னார்: “நாற்காலில விலாசம் எழுதிக் கட்டுங்க. தொலைஞ்சா திரும்பி வரணும் இல்ல.” முஹன்னத் ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி முதுகில் கட்டினான். என்ன எழுதினான் என்று அப்போது நான் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பையில் ஒன்றரை லிட்டர் பாட்டில். வீட்டுத் தண்ணீர்.

“இது போகாதும்மா” என்றார் பையைச் சோதித்தவர். மொட்டைத் தலை, களைத்த கண்கள்.

“இது குடிக்கிற தண்ணி இல்லை.”

“பின்ன?”

“எங்க சித்திக்குப் பின்னால ஊத்துறது. அவங்க போனப்ப ஊத்தலை.”

“எப்பப் போனாங்க?”

“ரெண்டாயிரத்து ஆறுல.”

அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவுக்குத் தெரு கொலை நடந்த அந்த வருஷத்தைச் சொன்னால் நம் ஊரில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. சின்னக் குப்பி இருக்கிறதா என்றார். கைப்பையில் பன்னீர்க் குப்பி இருந்தது. பன்னீரை என் கழுத்திலும் கையிலும் கொட்டிக் காலி செய்து, வீட்டுத் தண்ணீரை அதில் நிறைத்தேன். மிச்சத்தை அவர் குப்பைத் தொட்டி வரை கொண்டுபோனார். நின்றார். “வழியனுப்புற தண்ணியைக் குப்பைல போடறதா” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். திரும்பி வந்து, வரிசையில் போகிற ஒவ்வொருவர் குதிகாலுக்குப் பின்னாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பதினோரு பேர். எண்ணினேன். அவர்கள் எல்லோரும் கட்டாயம் திரும்பி வந்துவிடுவார்கள். ஒருவர் குடும்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டு நிரந்தரமாக பெய்ரூட்டில் குடியேறப் போகிறவராம். காலுறை நனைந்ததற்குச் சத்தம் போட்டார். அவருக்காக வருத்தப்படுகிறேன்.

விமானத்துக்குள் என் நாற்காலி வராது. அது சாமான் அறையில். என்னை ஒரு ஒல்லி நாற்காலியில் மாற்றி, நான்கு பட்டைகளால் கட்டி, இரண்டு பேர் தூக்கினார்கள். ஒருவர் “மூணு” என்று சொல்லும்போது தூக்குகிறவர். மற்றவர் “மூணு” என்று சொல்லி முடித்த பிறகு தூக்குகிறவர். இரண்டு மூன்றுகளுக்கும் நடுவில் நான் சாய்ந்தபடி காற்றில் இருந்தேன். அரை விநாடிதான். அந்த அரை விநாடியில் நான் யாருக்கும் பாரமாக இல்லை. விமானம் கிளம்பிய பிறகு வந்ததெல்லாம் அதன் நீட்சிதான்.

மேகத்துக்கு மேலே யாரும் நடப்பதில்லை, சித்தி. இருநூறு பேர், எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால்களை மடித்து, இடுப்பில் பட்டை கட்டி, சாப்பாடு கொண்டுவருகிறவருக்காகக் காத்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போக யோசித்துக்கொண்டு. ஒன்றரை மணி நேரம் முழு உலகமும் என்னைப் போல இருந்தது. அவர்களுக்கு அது அவ்வளவாகப் பழகவில்லை. நெளிந்தார்கள். பக்கத்திலிருந்தவர் என் பன்னீருக்கு மூன்று முறை தும்மிவிட்டு, “எப்படித்தான் இப்படியே உக்காந்திருக்கறதோ” என்றார். பழகிவிடும் என்றேன்.

இறங்கும்போது நான்தான் கடைசி. எல்லோரும் போன பிறகு விமானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பட்டைகள் எல்லாம் அவிழ்ந்து திறந்த கைகளாகக் கிடக்கும். ஒரு செருப்பு. ஒரு பாதி ஆரஞ்சு. கூட்டுகிறவர்கள் மெல்லப் பாடுவார்கள். நான் இருபது நிமிஷம் அப்படியே இருந்தேன். அந்த இருபது நிமிஷத்தில், என் காலுக்குக் கீழே, சாமான் அறையில் ஒரு நேர்மையான தொழிலாளி என் நாற்காலியின் முதுகிலிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

அட்டையில் முஹன்னத் எழுதியிருந்தது: 'இந்த நாற்காலி பக்தாத், கர்ராதா, நஜீபா வீட்டுக்கு அவசியம் திரும்பி வர வேண்டும்.'

அவர் அதை இறக்கவில்லை. அதே விமானம் ஒரு மணி நேரத்தில் பக்தாத் திரும்பியது. நான் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அது ஏறுவதைப் பார்த்தேன். அதற்குள் என் நாற்காலி இருக்கிறது என்று தெரியாமலேயே, எவ்வளவு லேசாக ஏறுகிறது என்று ரசித்தேன்.

விஷயம் தெரிந்தபோது என்னைத் தள்ளிக்கொண்டிருந்தவர் பெயர் ஃபவ்வாஸ். ஐம்பது வயது, பெரிய மீசை, நாற்காலி தள்ளுவது அவர் வேலை. விமான நிலைய நாற்காலிக்குச் சின்னச் சக்கரம். உட்காருகிறவர் தானாக ஓட்ட முடியாது. எங்கே விடுகிறார்களோ அங்கே இருக்க வேண்டும். ஃபவ்வாஸ் என்னை ஒரு விளம்பரத்துக்கு எதிரில் விட்டார். சுவர் முழுக்கக் கடல். “கடலைப் பாத்துட்டு இருங்க தங்கச்சி, விசாரிச்சுட்டு வரேன்.” இரண்டு மணி நேரம் பார்த்தேன். ஒரு கட்டத்தில் அலை அடிக்கத் தொடங்கியது. படகு ஒன்று கரையை நெருங்கியது. உங்கள் பதினான்காவது அஞ்சலட்டையில் இருக்கும் அதே நீலம். ஃபவ்வாஸ் வந்து தோளைத் தொட்டபோது என் கால்விரல்கள் நனைந்திருப்பதாகவே நினைத்தேன்.

“உங்க நாற்காலி ஊருக்குப் போயிடுச்சு” என்றார். “அடுத்து வியாழக்கிழமை விமானத்துலதான் அனுப்ப முடியுமாம்.”

பிறகு எல்லோரும் கேட்பதைக் கேட்டார். “இது எப்படி ஆச்சு?” நான் ஆளுக்கொரு கதை சொல்வது வழக்கம். ஒட்டகத்திலிருந்து விழுந்தேன் என்பது ஒன்று. பேரீச்சை மரம் ஏறினேன் என்பது ஒன்று. ஃபவ்வாஸிடம் சர்க்கஸ் என்றேன். அவர் இரண்டடி தள்ளிவிட்டு நின்றார். “எங்க அக்கா மகனும் உங்கள மாதிரிதான். அவன் பாராசூட்னு சொல்வான்.” அதற்குப் பிறகு எங்களுக்குள் பொய் தேவைப்படவில்லை.

விடுதி அறை எனக்காகவே அமைக்கப்பட்டது என்றார்கள். அகலக் கதவு, தாழ்ந்த மேஜை, கைபிடிக்கக் கம்பிகள். குளியலறைக்கு மட்டும் ரெண்டே படி.

நேற்று அம்மா போன் செய்தாள்.

“நாற்காலி வந்துடுச்சு” என்றாள். “நீ எங்கடீ இருக்கே?”

சொன்னேன்.

“டாக்ஸிக்காரர் அதை முன் சீட்டுல வெச்சுப் பட்டை கட்டிக் கூட்டிட்டு வந்தாரு. ஆள் இல்லாத நாற்காலி வாசல்ல வந்து நின்னா எனக்கு எப்படி இருக்கும்? உன் தம்பியைத் திட்டித் தீத்துட்டேன். அட்டைல எழுதறானாம் அட்டைல.”

“ஊத்துனது நீங்கதானேம்மா.”

போனில் கிர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்.

“அம்மா, நாற்காலில உக்காந்திருக்கீங்களா?”

“கால் வலிச்சுது. சும்மா உக்காந்தேன். கை பட்டுடுச்சு. அது பின்னாடியே போகுது. கூடத்துலேருந்து நேரா பின்னாடி. நிறுத்தத் தெரியலை. எது மேலயோ இடிச்சு நின்னுது.”

“எது மேல?”

“பத்ரிய்யா ரூம் கதவு.”

சித்தி, இனி எழுதப்போவதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம். எழுதுவதைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

அம்மா அந்தக் கதவில் முதுகைச் சாய்த்தபடி சொன்னாள்: “அன்னிக்குத் தண்ணி வந்துச்சு மய்ஸூன்.”

“என்னிக்கு?”

“அவ போன அன்னிக்கு. குழாய்ல நல்லாவே வந்துச்சு. கிண்ணத்தை ரொப்பி வெச்சுட்டேன். சமையல்கட்டுல கிண்ணத்தைப் பிடிச்சுட்டு நின்னுட்டே இருந்தேன். என்னைவிட்டுப் போறாளேன்னு ஆத்திரம். ஊத்துனா போறதுக்குச் சம்மதம்னு ஆயிடும்னு தோணுச்சு. கார் கதவு சாத்துற சத்தம் கேட்டுது. அப்பவும் ஓடியிருக்கலாம். அஞ்சு நிமிஷம் கழிச்சு அந்தத் தண்ணியை மாவுல ஊத்திப் பிசைஞ்சேன். ரொட்டி நல்லாவே வந்துச்சு. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல.”

மேஜையிலிருந்த பன்னீர்க் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன். 

“நீ வந்துடு” என்றாள் பிறகு. “போதும். ரூமைத் தொறந்து முஹன்னத்துக்குக் குடுத்துடறேன். அவ வரமாட்டா. எனக்காக எதுக்கு வருவா?”

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளை நாற்காலி இங்கே வந்து இறங்கும். அதில் ஏறி அடுத்த விமானத்தில் அதோடு திரும்புகிறேன். என் நாற்காலிக்கு ஊர் எது என்று தெரிந்திருக்கிறது; அதை எதிர்த்து நான் என்ன செய்ய. விமானப் பயணம் எனக்கு ஒத்துவராது. உலகத்தை நான் பார்க்க வேண்டிய அளவு பார்த்தாயிற்று: ஒரு நாய், ஒரு சுவரில் கடல், ஒரு காலி விமானம். பன்னீர்க் குப்பியை அப்படியே கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நீங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை என்றால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். அறையைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டீர்களே.

எனக்காகக் காத்திருக்க வேண்டாம். சித்தப்பாவுக்கு என் வணக்கங்கள். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள், படிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். இறைவன் உங்கள் வீட்டில் வெளிச்சத்தையும் எலுமிச்சையையும் நிறைக்கட்டும், உங்கள் கண்ணுக்குப் பிரியமானவர்களை உங்கள் கண்ணெதிரே வைக்கட்டும், நம் எல்லோரையும் நல்ல நேரத்தில் ஒன்றுசேர்க்கட்டும்.

என்றும் உங்கள் பிரியத்துக்குரிய
மய்ஸூன்

பின்குறிப்பு, வியாழக்கிழமை: மேலே எழுதியதில் நடந்ததெல்லாம் சரி. முடிவை மட்டும் பொருட்படுத்த வேண்டாம்.

இன்று காலை நாற்காலி வந்தது. பழைய அட்டையைக் காணோம். புதிய அட்டை, அம்மாவின் கையெழுத்து, பிளாஸ்டிக் மழைக்காகிதம் சுற்றியிருந்தது: 'துனிஸ், நாலாம் மாடி, என் தங்கை பத்ரிய்யாவிடம்.' மழைக்காகிதத்துக்குக் காரணம் கேட்டேன். “நாற்காலி கிளம்பறப்ப அம்மா மறுபடி ஊத்துனாங்க. டீ கிளாஸ் அளவுதான், தரைலதான்” என்றான் முஹன்னத் போனில். ஃபவ்வாஸ் என்னை அதில் உட்காரவைத்துவிட்டு, “பக்தாதா, துனிஸா?” என்றார். எதிரில் பக்தாத் வாசல், வரிசை நின்றிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றுதான் விசையைத் தொட்டேன். சத்தியமாக. ஆனால் இது பின்பக்கமாக மட்டும் போகும் நாற்காலி. என் முதுகுப் பக்கம் இருந்தது துனிஸ் வாசல். ஃபவ்வாஸ் வழிவிட்டு நின்றார். பக்தாத் வரிசை என் எதிரில் சின்னதாகிக்கொண்டே போனது. நான் நிறுத்தவில்லை.

இந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டுவந்து கொடுப்பவர் உங்கள் கட்டட வாயிற்காவலர் ஹெதி. இவரும் எதிர்க் காப்பிக்கடையிலிருந்து மூன்று பேரும் வாசல்படியில் என்னைத் தூக்கினார்கள்; நான்கு பேரும் “ரெண்டே படிதான்” என்றார்கள். லிஃப்ட் வேலை செய்கிறது. அதன் கதவு என் நாற்காலியைவிட நான்கு விரல் ஒடுக்கம். முன்பு போனில் நீங்கள், “நம்ம ஃப்ரிட்ஜே அதுலதான் வந்துச்சு” என்றீர்கள். ஹெதியிடம் கேட்டேன். ஃப்ரிட்ஜைக் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினார்களாம், சித்தப்பா கீழே நின்று அழுதாராம்.

ஆகவே நான் மேலே வர முடியாது. நீங்கள்தான் இறங்க வேண்டும். முழங்காலைப் பற்றி மேலே எழுதியதையும் பொருட்படுத்த வேண்டாம். பெட்டியோடு இறங்கினால் நல்லது, கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. அப்படியே சும்மா இறங்கினாலும் சரி, பேசிக்கொள்ளலாம். குப்பி பத்திரமாக இருக்கிறது. ஆனால் குப்பியிலிருந்து ஊற்றக் கூடாதாம், அம்மா கண்டிப்பாகச் சொன்னாள். வரும்போது ஒரு கிண்ணம் எடுத்து வாருங்கள்.

உள்ளே பின்பக்கமாகத்தான் வந்தேன் என்பதால் தெருவைப் பார்த்தபடி இருக்கிறேன். நீங்கள் வருவது நேராகத் தெரியாது. அம்மாவின் கைக்கண்ணாடியைப் பிடித்திருக்கிறேன். அதில் உங்கள் படிக்கட்டின் அடிப்பகுதி தெரிகிறது. ரெண்டே படிதான். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.